நாலடி ஒன்பதங்குலமும் காஷ்மீர் ஃபெரனும்

"காஷ்மீருக்கா! கொடுத்து வைத்தவள் நீ!" என்றார் எதிர்வீட்டு அக்கா. "கைக்குழந்தையோடா? இந்தச் சமயத்திலா?" என்றார் என் நாத்தனார். இரண்டு பேருக்கும் சிரித்து மழுப்பிவிட்டேன். 2025 ஏப்ரலில் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகளைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்தபோது என் பெரிய மகள் எங்கள் வீட்டில் எட்டு மாதக் கர்ப்பிணி. மாப்பிள்ளை மட்டும் ஸ்ரீநகரில். அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டு டி.வி.யை அணைக்கவேயில்லை. எனக்கா பயமில்லை?

ஆனால் என்ன செய்வது? மாப்பிள்ளைக்கு மத்திய அரசு உத்தியோகம். மாற்றல் கிடைக்கிறவரை அங்கேதான். பெண்ணையும் பேத்தியையும் ஐந்தாம் மாதம் கொண்டுபோய் விடுவது நம் வழக்கமாயிற்றே. தீபாவளி முடிந்த கையோடு நானும் என் வீட்டுக்காரரும் கரூரிலிருந்து கிளம்பிவிட்டோம். டில்லி வரை ரயில், அங்கிருந்து கட்ரா வரை இன்னொரு ரயில். கட்ராவில் மாறினால் மூன்று மணி நேரத்தில் ஸ்ரீநகர். இந்தப் பாதை 2025 ஜூனில்தான் திறந்தது. செனாப் ஆற்றின்மேல் 359 மீட்டர் உயரத்தில் ஒரு பாலம். எல்லாரும் ஜன்னலில் தொற்றிக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். நான் பேத்திக்கு அப்போதுதான் பால் புகட்டி ஏப்பம் வரவழைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்வதற்குள் பாலம் போய்விட்டது.

ஸ்ரீநகரில் இறங்கியதும் என் கண்ணில் முதலில் பட்டது மலையில்லை, ஏரியில்லை. உடுப்புதான்! ஆணும் பெண்ணும் தோளிலிருந்து கீழே வரை தொளதொளவென்று ஓர் அங்கி போட்டிருந்தார்கள். அதற்கு ஃபெரன் என்று பெயர். இலையுதிர் காலத்தை அங்கே 'ஹருத்' என்கிறார்கள். பகலில் வெயில் இருபது டிகிரி, நம் மார்கழி மாதிரி சுகமாக இருக்கும். ராத்திரி ஐந்து டிகிரிக்கு இறங்கிவிடும். அதனால் காலையில் மூன்று அடுக்கு, மத்தியானம் ஓர் அடுக்கு, சாயங்காலம் மறுபடி மூன்று என்று உடுப்பைப் போடுவதும் கழற்றுவதுமே ஒரு வேலை.

இங்கே என் உயரத்தைச் சொல்லியாக வேண்டும். நாலடி ஒன்பது அங்குலம். என் பெரியவள் என்னைவிட ஓர் அங்குலம் ஜாஸ்தி. பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ முடிக்கிறவரை பிரேயரில் முதல் வரிசைதான் எனக்கு. குள்ளமாக இருப்பவர்களுக்கு நீள உடுப்பு என்றாலே ஒரு பயம் உண்டு. நமக்குள் உடுப்பா, உடுப்புக்குள் நாமா என்று தெரியாது. அதுவும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் கேட்கவே வேண்டாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நிஷாத் பாக் போனோம். நூர்ஜஹானின் அண்ணன் ஆசஃப் கான் போட்ட தோட்டம் அது. தால் ஏரிக் கரையிலிருந்து மலையடிவாரம் வரை பன்னிரண்டு தட்டுகளாக ஏறிக்கொண்டே போகிறது. இரண்டு பக்கமும் சினார் மரங்கள். ஐந்து விரலை விரித்த உள்ளங்கை மாதிரி இலை. என்ன நிறம் என்கிறீர்கள்! ஒரே மரத்தில் மாம்பழ மஞ்சள், வெங்காயத்தோல் நிறம், அரக்கு, துரு எல்லாம் இருக்கிறது. ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைகளைப் பிரித்துப் போட்டால் இப்படித்தான் இருக்கும். அங்கே என் வீட்டுக்காரர் என்னை நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தார். நான் உடுத்தியிருந்தது கனத்த சேலை. அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் முழு ஷால், தலையில் மஃப்ளர், சேலைக்குக் கீழே அவருடைய காலுறை. போட்டோவைப் பார்த்தேன். கல்யாண மண்டபத்தில் சுருட்டி மூலையில் நிறுத்தின ஜமுக்காளம் மாதிரி இருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷத்துப் பழக்கம்! ஆனால் அடுத்த போட்டோவில் மரத்தை மட்டும் எடுத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் மகளுக்கு வரவில்லை. "என்னை எடுக்காதீங்கப்பா" என்று குழந்தையோடு திரும்பி நின்றுகொண்டாள். அப்போதுதான் கவனித்தேன். வந்த நாள் முதலாக அவள் அந்த ஒரே ஃபெரனைத்தான் போட்டிருக்கிறாள். மாப்பிள்ளை ஆசையாக முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தது. அரக்கு நிறம், கழுத்தைச் சுற்றிச் சரிகை வேலை. அங்கே அதை 'தில்லா' என்கிறார்கள். நல்ல உடுப்புதான். ஆனால் ஐந்தரை அடிப் பெண்ணுக்குத் தைத்த அளவு. தோளிலிருந்து ஐம்பது அங்குலம். இவளுக்குத் தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. கை விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. அதற்குள்ளே பழைய சுடிதார், அதன்மேல் மாப்பிள்ளையின் ஸ்வெட்டர்.

"வேற மாத்திக்க, கண்ணு" என்றேன்.

"இதுதான்மா வசதி. பால் குடுக்கறதுக்கும் சரி. இதுக்குள்ள நான் எப்படி இருக்கேன்னு யாருக்கும் தெரியாது."

கடைசியில் சொன்னதை அப்போது நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பால் கொடுப்பதற்கு வசதி என்பது நிஜம்தானே! கழுத்திலிருந்து மார்பு வரை திறப்பு, உள்ளே தாராளமான இடம், குளிர்காற்று படாது.

மூன்றாம் நாள் காலை அது நடந்தது. அவர்கள் குடியிருப்பது மாடிப் போர்ஷன். மரப்படிக்கட்டு, செங்குத்து, ஒரு பக்கம்தான் கைப்பிடி. நான் கீழே வெயிலில் உட்கார்ந்து பேத்தியின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு இவள் இறங்குகிறாள். கைப்பிடியைப் பிடிக்கவேண்டிய கை, நீளமான கைத்துணிக்குள்ளே. கால் ஃபெரனின் ஓரத்தை மிதித்தது. அடுத்த படியில் சரிந்து உட்கார்ந்த வாக்கில் நாலு படி வழுக்கி வந்து நின்றாள். குழந்தையை மட்டும் விடவில்லை. எனக்கு எழுந்திருக்கக்கூட முடியவில்லை. வாயிலிருந்து சத்தமே வரவில்லை. பேத்தி ஒரு நொடி விழித்துப் பார்த்துவிட்டுப் பிறகு வீறிட்டது. அந்த அழுகை அன்றைக்கு எனக்கு நாதஸ்வரம் மாதிரி கேட்டது.

இவளுக்கு இடுப்பில் ஒரு கன்றல், முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவோடு போயிற்று. ஆனால் இவள் அழவுமில்லை, பயந்த மாதிரியுமில்லை. "சரி விடுங்கம்மா" என்று மறுபடி அதே ஃபெரனில் போய்ப் படுத்துக்கொண்டாள். படியில் விழுந்ததைவிட எனக்கு அதுதான் வயிற்றைக் கலக்கியது.

மத்தியானம் குழந்தை தூங்கினதும் ஊசி நூலோடு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கழட்டிக் குடு, குறைச்சுத் தர்றேன்" என்றேன். "வெட்டிடாதீங்கம்மா, அவர் ஆசையா வாங்கினது" என்றாள். "யாரு வெட்டப்போறா? உன் பாவாடைக்கு நான் எப்படித் தைப்பேன்?" என்றதும் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. உங்களில் பலருக்கு ஞாபகமிருக்கும். வளருகிற பெண்ணுக்குப் பட்டுப்பாவாடை எடுத்தால் இரண்டு டக் பிடித்துத் தைப்போம். வருஷத்துக்கு ஒன்று பிரிப்போம். எங்கள் இரண்டு பேர் விஷயத்தில் அந்தக் கடைசி டக் பிரிக்கப்படாமலே போயிற்று, அது வேறு கதை!

அந்தச் சமயம் கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மா நூன் சாய் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். உப்புப் போட்ட, ரோஸ் நிறத் தேநீர். முதல் மடக்கு கஷ்டம், மூன்றாவது நாள் பழகிவிடும். அறுபது வயதிருக்கும், என்னைவிட முக்கால் அடி உயரம். என் இந்தி 'கித்னா', 'பஸ்' என்ற அளவோடு சரி, மகள்தான் மொழிபெயர்த்தாள். நான் டக் பிடிக்கிறதைப் பார்த்ததும் அந்தம்மா துணியைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்து, "லாட்!" என்றார். பண்டிதர் வீட்டுப் பெண்கள் அந்தக் காலத்தில் கணுக்கால்வரை நீளும் ஃபெரனின் கீழ்ப்பாகத்தில் இப்படி ஒரு மடிப்பு வைப்பார்களாம், அதற்கு லாட் என்று பெயராம். பக்கத்து வீட்டில் ஒரு பண்டிதர் குடும்பம் இருந்ததாம். அந்த வீட்டு மருமகளும் இவரும் ஒரே வயது, சேர்ந்தே பாரம் தூக்கி, சேர்ந்தே வற்றல் போடுவார்களாம். 1990-ல் அவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அதோடு நிறுத்திக்கொண்டார். நானும் மேலே கேட்கவில்லை.

சரி, டக் விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் உங்களுக்கு விவரமாகச் சொல்ல ஆசை. நைட்டியோ, நீளக் குர்த்தியோ, அனார்கலியோ எல்லாவற்றுக்கும் ஆகும்.

முதலில் செருப்போடு நிற்கவைத்துத்தான் அளவு எடுக்க வேண்டும். வெறுங்காலோடு எடுத்தால் தப்பாகும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொன்னேன். ஏனென்றால் குழந்தையை இடுப்பில் வைத்தால் ஒரு பக்கம் துணி ஏறும், மறுபக்கம் இறங்கும். இறங்கின பக்கம்தான் காலில் மாட்டும். தரையிலிருந்து மூன்று அங்குலம் தூக்கலாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் ஐம்பது அங்குலத்தை நாற்பத்தைந்தாக்க வேண்டும். ஐந்து அங்குலம். ஒரே பெரிய டக்காகப் பிடித்தால் கம்பளித் துணியில் கயிறு கட்டினாற்போல் புடைக்கும். அதனால் ஒன்றேகால் அங்குலத்தில் இரண்டு டக் பிடித்தேன். ஒவ்வொன்றும் இரண்டரை அங்குலத்தை விழுங்கும். மடிப்பு உள்பக்கமாக விழ வேண்டும். முழங்கால் மட்டத்தில் வைக்காதீர்கள், அங்கே ஒரு கோடு விழுந்தால் இருக்கிற உயரத்தையும் இரண்டாக வெட்டிக் காட்டும். கீழ் ஓரத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குள் வைத்தேன். அந்தக் கனத்தில் துணியும் காற்றில் பறக்காமல் நேராக விழுகிறது. எல்லாம் கையால் ஓட்டுத் தையல்தான். மெஷினில் அடித்தால் பிரிக்கும்போது கம்பளியில் பொத்தல் தெரியும்.

அந்த அங்கியைத் தைத்திருக்கிற விதத்தைப் பார்த்தால் ஆச்சரியம். தோள்பட்டைக்கென்று வளைத்து வெட்டுவதே இல்லை. உடம்பு ஒரு நேர்த்துண்டு, கை ஒரு நேர்த்துண்டு. அதனால்தான் யாருக்கும் பொருந்துகிறது. தோள் இறங்குகிறதே என்று நாம் கவலைப்பட வேண்டாம், கையின் நீளத்தையும் கீழ் நீளத்தையும் சரி செய்தால் போதும். கையை மணிக்கட்டு தெரிகிற அளவுக்கு வெளிப்பக்கமாக மடித்து நாலு தையல் போட்டேன். மணிக்கட்டு தெரிந்ததுமே ஆள் மெலிந்த மாதிரி ஆகிவிட்டாள். நம் சேலையும் இதே ரகம்தான் என்று அப்போது தோன்றியது. குட்டைக்கு ஒன்று, நெட்டைக்கு ஒன்று என்று யாராவது சேலை நெய்கிறார்களா? மிஞ்சுகிறதை இடுப்பில் மடித்துச் சொருகிக்கொள்கிறோம்.

நான் தைத்துக்கொண்டே இருந்தேன். இவள் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். கையில் வேலை இருந்ததால் வந்தது. "மத்தியானமானா காரணமில்லாம அழுகை வருதும்மா. நம்ம ஊர்ல இருக்கும்போதே வந்துச்சு. பாத்ரூம்ல போய் அழுவேன். கண்ணாடி பார்க்கவே பிடிக்கலை. மூட்டை மாதிரி இருக்கேன். அதான் இதுக்குள்ள..."

என் வீட்டில் ஐந்து மாதம் இருந்தாள். பத்தியச் சாப்பாடு கொடுத்தேன், எண்ணெய் தேய்த்துவிட்டேன், பூண்டு லேகியம் கிளறினேன். குழந்தையின் எடையை வாரா வாரம் பார்த்தேன். பெற்றவள் பாத்ரூமில் அழுததை நான் பார்க்கவில்லை. பிள்ளை பெற்ற முதல் இரண்டு வாரம் மனசு ஒரு நிலையில் இல்லாமல் அலைவது நிறையப் பேருக்கு உண்டு, தானே சரியாகிவிடும். அதைத் தாண்டியும் நீடித்தால் டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும். இது எனக்கு அன்றுவரை தெரியாது. "உடம்பு தேறினா சரியாயிடும்" என்று நானே எத்தனை பெண்களிடம் சொல்லியிருக்கிறேன்! அன்று சாயங்காலமே மாப்பிள்ளையிடம் பேசினேன். "தம்பி, இப்படி இருக்கா" என்றேன். பாவம், அவர் குளிருக்குத்தான் சுருண்டு படுக்கிறாள் என்று நினைத்திருக்கிறார். மறுநாள் ஒரு லேடி டாக்டரிடம் போனார்கள். அவர் அரை மணி நேரம் பேசினார். ரத்தச் சோகையும் தைராய்டும் பார்க்கச் சொன்னார், பதினைந்து நாளில் மறுபடி வரச் சொன்னார். ராத்திரி ஒரு தடவையாவது குழந்தையை வேறு யாராவது பார்த்துக்கொண்டு தாயைச் சேர்ந்தாற்போல் தூங்கவிட வேண்டும் என்பது அவர் மாப்பிள்ளைக்குச் சொன்னது. மாப்பிள்ளை அதை அட்சரம் பிசகாமல் செய்தார்.

டக் பிடித்த ஃபெரனைப் போட்டுப் பார்த்தால் உள்ளே போடுகிறதும் மாற வேண்டியிருந்தது. ஸ்வெட்டரை முதலில் எடுத்தேன். குள்ளமான உடம்புக்குக் கனமான ஓர் அடுக்கைவிட மெல்லிசாக இரண்டு அடுக்கு நல்லது. உடம்போடு ஒட்டின மெல்லிய உள் பனியன். அதன்மேல் 'பூட்ஸ்'. இது காலில் போடுகிற பூட்ஸ் இல்லை! ஃபெரனுக்குள் போடுகிற அதே வடிவப் பருத்தி அங்கி. வீட்டுக்காரம்மா கொடுத்த பழையது ஒன்றை, மேல் ஃபெரனைவிட இரண்டு அங்குலம் குறைவாக மடித்துத் தைத்தேன். உள்ளே இருப்பது கீழே எட்டிப் பார்த்தால் பாவாடை தொங்குகிற மாதிரி இருக்குமே. பெருத்த பட்டியாலாவை நிறுத்தி, கால் ஒட்டின பேண்ட். அதுவும் அரக்கிலேயே. கழுத்திலிருந்து கால்வரை ஒரே நிறமாக ஓடினால் கண்ணுக்கு உயரம் கூடித் தெரியும். நடுவில் வெள்ளையோ மஞ்சளோ குறுக்கிட்டால் போச்சு. தில்லா வேலை கழுத்தோடு நின்றது நல்லதாயிற்று, பார்க்கிறவர்கள் கண் முகத்துக்கு வருகிறது. கீழ் ஓரம் முழுக்க அகலமாக வேலை செய்த ஃபெரன்களைக் கடையில் பார்த்தேன். அழகுதான், ஆனால் நமக்கு வேண்டாம், ஆளைத் தரைக்கு இழுக்கும்.

ஷால் ஒரு பெரிய சங்கதி. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். அதை அப்படியே போர்த்தினால் நான் நிஷாத் பாக்கில் நின்ற கோலம்தான். நீளவாக்கில் இரண்டாக மடித்து, சுற்றாமல், இரண்டு முனையும் முன்னால் நேராகத் தொங்கவிட்டால் உடம்புக்கு இரண்டு நேர்க்கோடு கிடைக்கிறது. குளிர் ஜாஸ்தியானால் ஒரு முனையைத் தோளுக்குப் பின்னால் போட்டால் போதும். நமக்கு ஷாலைவிட 'ஸ்டோல்' என்று விற்கிறார்களே, அந்த எழுபது சென்டிமீட்டர் அகலம் தோது. விலையும் குறைவு. ட்வீட் துணியில் நீள ஃபெரன் எடுக்காதீர்கள், முறுக்காக நின்று மத்தளம் மாதிரி காட்டும். 'ராஃபல்' என்கிற மெல்லிய கம்பளியானால் வழிந்து விழுகிறது. நீளமாக வேண்டாம் என்பவர்கள் முழங்காலுக்குச் சற்றே கீழே நிறுத்திக்கொள்ளலாம். கெண்டைக்கால் நடுவில் நிற்பதுதான் ஆகவே ஆகாது.

இன்னொன்று சொல்ல வேண்டும், கடுமையாகவே சொல்கிறேன். ஃபெரனுக்குள் அவர்கள் 'காங்டி' வைத்துக்கொள்வார்கள். மண்சட்டியில் கரி நெருப்பு, அதைச் சுற்றிப் பிரம்பு பின்னிய கூடை. ஹருத் காலத்தில் தெருவெல்லாம் பெண்கள் சினார் சருகுகளைக் கூட்டிக் குவித்து மூட்டம் போடுகிறார்கள். அதெல்லாம் இந்தக் கரிக்காகத்தான். புகை நீல நிறமாகச் சாயங்கால வெயிலில் மிதக்கிறதைப் பார்க்க அழகு! ஆனால் வீட்டுக்காரம்மா தன் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினார். தோலில் வலை பின்னின மாதிரி பழுப்புத் தழும்பு. வருஷக்கணக்காகச் சூடு பட்டுப்பட்டு வந்தது. தொடையிலும் வயிற்றிலும் இப்படிச் சூடு படுகிற இடத்தில் ஒருவகைப் புற்றுநோய் வருவதை டாக்டர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டு எழுதியிருக்கிறார்கள். அதோடு மூடின அறையில் கரி எரிந்தால் மணமே இல்லாத நச்சு வாயு சேரும். தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். கைக்குழந்தை இருக்கிற அறையில் காங்டி கூடாது என்று நான் மாப்பிள்ளையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். பேத்திக்கும் அடுக்குதான்: பருத்தி, அதன்மேல் மெல்லிய கம்பளி, தலைக்குக் குல்லாய். கழுத்துக்குப் பின்னால் கைவைத்துப் பார்த்து வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்ற வேண்டும்.

பாம்பூர் போய்க் குங்குமப்பூ வயலும் பார்த்தோம். ஊதாப்பூ, ஒவ்வொன்றிலும் மூன்றே சிவப்பு நார். ஒரு கிராமுக்குச் சுமார் நூற்றைம்பது பூ என்றார்கள். இனி விலை பேசுவதில்லை என்று தீர்மானித்தேன், கடையில் போனதும் மறந்துவிட்டேன். வீட்டு மொட்டை மாடிகளில் சுரைக்காய், கத்திரிக்காய், தக்காளியெல்லாம் கோத்துக் காயவைத்திருந்தது எனக்கு நம் ஊர் சித்திரை மாதத்தை ஞாபகப்படுத்தியது. நாம் வெயிலுக்கு வற்றல் போடுகிறோம், அவர்கள் பனிக்கு. டிசம்பர் 21-ல் ஆரம்பித்து நாற்பது நாள் 'சில்லாய் கலான்' என்று கடுங்குளிர். அதற்குத்தான் இந்தச் சேமிப்பு.

கிளம்புவதற்கு முந்தின நாள் நசீம் பாக் போனோம். காஷ்மீர் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிற சினார் தோப்பு. மொகலாயர் காலத்து மரங்கள், நாலு பேர் கைகோத்தால்தான் சில மரங்களைக் கட்டிப் பிடிக்கலாம். சருகு கணுக்கால் வரை. காலேஜ் பெண்கள் சருகை வாரி இறைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சேலையைக் கொஞ்சம் தூக்கலாகக் கட்டி, ஸ்வெட்டரை உள்ளே போட்டு முந்தானையை மேலே விட்டு, ஸ்டோலை மடித்துத் தொங்கவிட்டிருந்தேன். ஜமுக்காளம் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம்! இவள் அரக்கு ஃபெரனில் வந்தாள். சருகில் ஓரம் மாட்டவில்லை. கைப்பிடியில்லாத இரண்டு படி இறங்கும்போது என்னை மீறி என் கை நீண்டது. "பார்த்துக்கறேன்மா" என்றாள். அவள் அப்பா மொபைலைத் தூக்கினார். இவள் திரும்பிக்கொள்ளவில்லை. சிரித்தாள் என்று சொல்ல மாட்டேன். நின்றாள், நேராகப் பார்த்தாள். அந்தப் போட்டோவைத்தான் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம்.

வீட்டுக்காரம்மா எனக்கும் ஒரு பழைய ஃபெரன் கொடுத்து அனுப்பினார். சாம்பல் நிறம். கரூர் வெயிலில் அதை எங்கே போடுவது? ஐந்து அங்குலம் டக் பிடித்து, வேப்பிலை போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

ஜனவரியில் ஒருநாள் ராத்திரி வீடியோ கால். அங்கே ஜன்னலுக்கு வெளியே பனி. இவள் ஃபெரனைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா, அவரோட ஆபீஸ்ல ஒருத்தருக்குக் கல்யாண ரிசப்ஷன். மண்டபத்துக்குள்ளதான், பனியில நடக்க வேண்டாம். ஹீல் வெச்ச செருப்பு வாங்கியிருக்கேன். எத்தனை பிரிக்கணும்?"

"ஹீல் எத்தனை அங்குலம்?"

ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டரை" என்றாள்.

"கீழ் டக்கை மட்டும் பிரி. பிளேடு போடாதே, ஊசியால ஒவ்வொரு தையலா எடு. குழந்தையைத் தூக்கிக்கிட்டு அந்தச் செருப்புல படி இறங்காதே, கண்ணு."

"குழந்தையை அவர் தூக்கிப்பார்மா" என்றாள்.